மரக்கடைசல் நேரப் போட்டி: நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொழுதுபோக்காக லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் மரத்தைச் சுழலவிட்டு, உளியால் கடைசல் பிடிக்கிற நாலைந்து பேர் ஓரிடத்தில் கூடினால், ‘அரை மணி நேரத்தில் யார் நன்றாகக் கடைகிறார்கள், பார்க்கலாமா?’ என்ற பேச்சு தானாக வந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் கை உளியை அழுத்த ஆரம்பிக்கும். அழுத்தப்படுகிற உளி நாரைச் சீவாது, பிய்க்கும். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். சுழலும் மரத்தின் முன்னால் அதே அவசரம் விரலுக்கோ கண்ணுக்கோ உலை வைத்துவிடும். வேகம் முன்தயாரிப்பிலிருந்து வரவேண்டும், கையின் அழுத்தத்திலிருந்து வரக்கூடாது. போட்டியின் விதிகளை எழுதுகிறவர் இதை மறக்கும்போதுதான் கீழ்க்கண்ட தவறுகள் நடக்கின்றன.

முதலில் முடித்தவருக்கே வெற்றி என்று வைப்பது

மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய் இதுதான். பிரிட்டனில் கால்மிதி லேத்தில் பச்சை மரம் கடைகிறவர்களின் கூடுகையில் இரண்டு வகைப் போட்டியும் உண்டு. மரத்துண்டிலிருந்து தொடங்கி நாற்காலிக் காலை யார் விரைவில் கடைந்து முடிப்பது என்பது ஒன்று. அரை மணி நேரத்துக்குள் ஒரு பொருளைச் செய்து காட்டுவது இன்னொன்று. கால்மிதி லேத்துக்குப் பந்தயம் பொருந்தும். கால் நின்றால் மரமும் நின்றுவிடும். மோட்டார் லேத்துக்கு அந்தக் கருணை கிடையாது. அதனால் அங்கே நேரத்தை ஓர் எல்லையாக மட்டும் வையுங்கள்: 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அதற்குள் எப்போது முடித்தாலும் சரி.

வேகத்துக்கும் கொஞ்சம் மதிப்பு வேண்டும் என்று நினைத்தால், 100 மதிப்பெண்ணில் 10ஐ அதற்கு ஒதுக்கலாம். கொடுத்த நேரத்தில் முக்கால் பங்குக்குள், அதாவது 22½ நிமிடத்துக்குள் முடித்தவர்கள் எல்லாருக்கும் முழு 10. பத்தே நிமிடத்தில் முடித்தாலும் அதே 10தான். இந்த உச்சவரம்பு இருந்தால் தலைதெறிக்க ஓட யாருக்கும் காரணம் இருக்காது.

அரை மணி நேரம் போதுமா என்பதை ஊகித்து முடிவு செய்யாதீர்கள். நடத்துகிறவர் அதே கட்டையை அதே லேத்தில் நிதானமாக ஒருமுறை கடைந்து பார்த்து, ஆன நேரத்தை இரட்டிப்பாக்கட்டும். கூட்டத்திலேயே கைதேர்ந்தவர் எவ்வளவு நேரத்தில் முடிப்பார் என்று கணக்குப் போட்டால் புதியவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

கிண்ணம் கடையச் சொல்வது

பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காகக் கிண்ணத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். கிண்ணத்தில் உளி மாறிமாறி நார்முனையையும் நார்ப்பக்கத்தையும் சந்திக்கும். விட்டம் பெரிது. உட்புறம் குடையும்போது, கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை விலக்கியாக வேண்டும், ஒரு முனையைக் கவ்வியிருக்கும் சக்கின் பிடி மட்டுமே மிஞ்சும். உளி ஒருமுறை மரத்தில் சிக்கிக் கடித்தால் மரம் பிடியை விட்டுப் பறக்கும். பரபரப்பில் யாராவது, சதுரக் கட்டையை உருளையாக்க உதவும் ரஃபிங் கௌஜ் உளியைக் கிண்ணத்துக்கு எடுத்துவிட்டால் இன்னும் மோசம்: அந்த உளி கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மெலிந்திருக்கும், கடித்த வேகத்தில் அங்கேயே ஒடியும்.

நேரப் போட்டிக்கு இரண்டு முனையிலும் தாங்கிப் பிடித்துக் கடைகிற நீள வேலைதான் சரி. உதாரணத்துக்கு ஒன்று: 40 மி.மீ. சதுரம், 180 மி.மீ. நீளமுள்ள கட்டை. இரு முனையிலும் 15 மி.மீ. கழிவு போக நடுவில் 150 மி.மீ. வேலை. அதில் 38 மி.மீ. விட்டத்தில் இரண்டு புடைப்பு மணிகள், நடுவே ஒரு குழிவு, ஒரு பக்கம் 25 மி.மீ. விட்டத்தில் 40 மி.மீ. நீள உருளை. மணி, குழிவு, நேர் உருளை என்று அடிப்படை வெட்டுகள் எல்லாம் இதில் வந்துவிடும். வரைபடத்தை முழு அளவில் அச்சிட்டு ஒவ்வொரு லேத்தின் பின்னாலும் ஒட்டிவையுங்கள். ‘பிடித்த வடிவத்தைக் கடையுங்கள்’ என்று விட்டால் கடைசியில் எதை எதோடு ஒப்பிடுவது என்றே தெரியாது.

கட்டைகளைத் தயாரிக்காமல் கொடுப்பது

போட்டியின் நேர்மை பாதி கட்டையிலேயே தீர்மானமாகிவிடும். ஒருவருக்கு நேர்நாரும் இன்னொருவருக்குக் கணுவும் போனால் அது ஓரவஞ்சனை, வேண்டுமென்று செய்யாவிட்டாலும்கூட. எல்லாக் கட்டையும் ஒரே பலகையிலிருந்து அறுத்தவையாக இருக்கட்டும். ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதம் வரை உள்ள காய்ந்த மரம் நல்லது. பச்சை மரம் எளிதில் சீவும், ஆனால் காயும்போது சுருங்கும். காலையில் 25 மி.மீ. காட்டிய உருளையை மாலையில் அளந்தால் நீள்வட்டமாக இருக்கும், அளவுக்கு மதிப்பெண் போடவே முடியாது.

பிறகு தராசு. 40×40×180 மி.மீ. கட்டையின் கன அளவு 288 கன செ.மீ. ஒன்று 190 கிராமும் மற்றொன்று 215 கிராமும் காட்டினால், அளவு ஒன்றாயிருந்தாலும் அடர்த்தி வேறு, உளிக்குக் கொடுக்கிற எதிர்ப்பும் வேறு. எல்லாவற்றையும் எடை போட்டு, சராசரியிலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகுகிறவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மீதியைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். முனையில் விரிசல், தளர்ந்த கணு, ஒட்டுப் போட்ட இடம் எது தெரிந்தாலும் அந்தக் கட்டையைச் சேர்க்கவே வேண்டாம்.

மையக் குறியையும் நடத்துகிறவரே போட்டுவிடுவது நல்லது. பலர் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். 40 மி.மீ. சதுரத்தில் மையம் சரியாக இருந்தால் 40 மி.மீ. உருளை கிடைக்கும். மையம் 1 மி.மீ. ஒரு பக்கம் தள்ளிப்போனால் 38 மி.மீ.தான் மிஞ்சும். 2 மி.மீ. தள்ளினால் 36. அதாவது 38 மி.மீ. மணி கேட்கிற போட்டியில் அவர் உளியைத் தொடுவதற்கு முன்பே தோற்றுவிட்டார். இரு முனையிலும் மூலைவிட்டம் வரைந்து, வெட்டுமிடத்தில் 3 மி.மீ. துளை போட்டு, கட்டையைப் பிடித்துச் சுழற்றும் முள்முனையான ஸ்பர் சென்டரை மரச் சுத்தியலால் ஒருமுறை பதித்து வைத்துவிட்டால் எல்லாருக்கும் தொடக்கம் ஒன்றாகும்.

லேத்தை அப்படியே அடுத்தவரிடம் விடுவது

லேத்துகள் குறைவாக இருந்தால் சுற்றுச் சுற்றாக நடத்துவார்கள். இங்கேதான் கவனம் சிதறும். முதல் ஆள் தன் உருளையை 2500 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 2500 சுற்று) முடித்துவிட்டு நகர்வார். அடுத்தவர் சதுரக் கட்டையை மாட்டி அவசரமாக சுவிட்சைத் தட்டுவார். 40 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 57 மி.மீ. நான்கு மூலையும் உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டைத் தட்டும், மையம் சரியாகப் பதியாத கட்டை என்றால் லேத்தே அதிரும். எனவே ஒப்படைக்கும்போது வேகம் 1000 ஆர்.பி.எம்.முக்குக் குறைந்திருக்க வேண்டும் என்பதை எழுதப்பட்ட விதியாக்குங்கள். புதிதாக வருகிறவர் டூல் ரெஸ்ட்டைத் தன் உயரத்துக்கு மாற்றி, கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று காட்டிய பிறகுதான் அவருடைய கடிகாரம் ஓடத் தொடங்க வேண்டும். இந்தத் தயாரிப்பு நேரத்தைப் போட்டி நேரத்தில் சேர்த்தால் முதலில் பலியாவது இந்தச் சோதனைதான்.

கட்டை உருண்ட பிறகு வேகத்தை ஏற்றலாம். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து ஆர்.பி.எம்.மால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வரவேண்டும் என்பது கடைசல்காரர்கள் பரவலாக வைத்திருக்கிற கணக்கு. நம் 38 மி.மீ. உருளை ஒன்றரை அங்குலம். 4000 முதல் 6000 வரை இடமுண்டு என்று கணக்கு சொல்லும். போட்டியில் 2500ஐ உச்சமாக வைத்தால் போதும், வெட்டின் தரம் அதனால் குறையாது. பெல்ட் மாற்றி வேகம் கூட்டுகிற லேத்தும் குமிழ் திருகுகிற லேத்தும் ஒரே சுற்றில் இருந்தால், பெல்ட் மாற்றும் நேரத்துக்குக் கடிகாரத்தை நிறுத்துங்கள்.

மின்சாரத்தையும் கணக்குப் பாருங்கள். 750 வாட் லேத் நான்கு, 1500 வாட் தூசி உறிஞ்சி ஒன்று: மொத்தம் 4500 வாட். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 20 ஆம்பியர். 16 ஆம்பியர் இணைப்பு ஒன்று இதைத் தாங்காது. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கிற மின்னோட்டம் இதைவிடப் பல மடங்கு. நடுவில் மின்சாரம் போனால் எல்லாரும் உளியை மரத்திலிருந்து விலக்கி, சுவிட்சை அணைக்க வேண்டும். மின்சாரம் திரும்பும்போது தானாக ஓடத் தொடங்குகிற லேத்துகள் உண்டு.

முகக்கவசம் இல்லாமல் யாரும் லேத்தை இயக்கக்கூடாது, பார்வையாளர்களுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். கையுறை, மோதிரம், தொங்கும் முடி, தளர்ந்த சட்டைக்கை எதுவும் லேத்துக்குப் பக்கத்தில் ஆகாது. மரம் சுழலும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தரையில் கிடக்கும் சீவல்களைப் பெருக்கிவிடுங்கள், காய்ந்த சீவல்மேல் செருப்பு வழுக்கும்.

மழுங்கிய உளியோடு ஓடவிடுவது

சாணைக்குப் போனால் நேரம் போய்விடும் என்று பயந்து மழுங்கிய உளியை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒருமுறை மூன்று நிமிடச் சாணை இடைவேளை கொடுங்கள், அந்த நேரம் கணக்கில் வராது. அதற்கு ஆளுக்கொரு நேரக்காப்பாளர் தேவைப்படும். அவரே பாதுகாப்பையும் கவனிப்பார், ‘நிறுத்து’ என்று அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

உப்புத்தாளைப் போட்டி நேரத்தில் அனுமதிக்கவே வேண்டாம். தேய்ப்பதற்கு முன் டூல் ரெஸ்ட்டை விலக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் அதற்கும் மரத்துக்கும் நடுவில் சிக்கும். நேரம் ஓடும்போது யாரும் விலக்க மாட்டார்கள். தவிர, நுண்தூசியில் பெரும்பங்கு உப்புத்தாளிலிருந்துதான் வருகிறது. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. உளியிலிருந்து வந்த மேற்பரப்பையே மதிப்பிடுங்கள். கைத்திறனும் அப்போதுதான் தெரியும்.

கடைசி நொடியில் வெட்டி எடுக்கச் சொல்வது

பார்ட்டிங் டூல் என்கிற மெல்லிய உளியால் துண்டித்து, பொருளைக் கையில் ஏந்தினால்தான் முடிந்ததாகக் கணக்கு என்று பல போட்டிகளில் விதி வைக்கிறார்கள். அந்தக் கடைசி நிமிடத்தைக் கொஞ்சம் பாருங்கள். கழுத்து 10 மி.மீ.க்கு மெலிந்துவிட்டது. ஒரு கை உளியில், மற்றொரு கை சுழலும் வேலையைத் தாங்கப் போகிறது. வெட்டுப்பள்ளம் குறுகலாக இருப்பதால் உளியின் இரு பக்கமும் உரசிச் சூடேறுகிறது. டெயில்ஸ்டாக் அதிகமாக இறுகியிருந்தால் மெலிந்த கழுத்து வளைந்து பள்ளம் உளியை நெரிக்கிறது. நார் முறுகி, வேலை பிய்ந்து துள்ளுகிறது. அரை மணி நேர உழைப்பு டூல் ரெஸ்ட்டில் மோதிப் பள்ளம் விழுந்து கிடக்கும், கை தப்பித்தது அதிர்ஷ்டமாக இருக்கும்.

இதைத் தவிர்ப்பது சுலபம். இரு முனையிலும் 12 மி.மீ. கழுத்து விட்டு, வேலை லேத்திலேயே நிற்கும்போது நேரம் முடியட்டும். ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு மணியோசை, ஒரு நிமிடம் இருக்கும்போது ஒரு மணியோசை, முடிவுக்கு நீண்ட மணியோசை. நீண்ட மணியோசை கேட்டதும் உளியை விலக்கி, லேத்தை அணைத்து, சுழற்சி தானாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். சுழலும் மரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினால் ஐந்து மதிப்பெண் குறையும். விட்டம் அளக்கும் வெர்னியர் கருவியைச் சுழலும் மரத்தில் வைத்து அளப்பதற்கும் அதே தண்டனை. அதன் தாடை மரத்தில் கடித்தால் கருவி முகத்தை நோக்கி வரும். கழிவை அறுப்பதெல்லாம் மதிப்பீடு முடிந்த பிறகு, நிதானமாக, கைரம்பத்தால்.

கண்பார்வையில் மதிப்பெண் போடுவது

‘இது நன்றாயிருக்கிறது’ என்று நடுவர் சொன்னால் நட்பு கசக்கும். அளவுக்கு 40, மேற்பரப்புக்கு 30, வடிவ ஒற்றுமைக்கு 20, நேரத்துக்கு 10 என்று முன்கூட்டியே பங்கு பிரித்து எழுதி ஒட்டிவிடுங்கள். அளவுக்கு 6 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு பிளவு வெட்டிய ஓர் அளவுச் சட்டம் போதும்: 25.5 மி.மீ. பிளவுக்குள் உருளை நுழைய வேண்டும், 24.5 மி.மீ. பிளவுக்குள் நுழையக்கூடாது. நுழைந்ததா இல்லையா என்பதில் வாதம் வராது. முன்முனை, நடு, பின்முனை என்று மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் தொப்பை விட்ட உருளை அங்கேதான் மாட்டும்.

மேற்பரப்பைப் பார்க்க அறை விளக்கை அணைத்து, டார்ச்சை மரத்தோடு படுக்கையாகச் சாய்த்து அடியுங்கள். நேர்வெளிச்சத்தில் மழமழவென்று தெரிந்த மரத்தில் சுருள் வரியும், குழிவின் சரிவில் நார் பிய்ந்த சொரசொரப்பும் நிழலாக எழும்பி வரும். குழிவை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி வெட்டியவரின் வேலையில் அந்தச் சொரசொரப்பு இருக்காது. பள்ளத்திலிருந்து மேலேறியவரின் வேலையில் கட்டாயம் இருக்கும். பெயருக்குப் பதில் கழிவு முனையில் பென்சிலால் எண் எழுதி, எது யாருடையது என்று தெரியாத இருவரை நடுவராக்குங்கள்.

மதிப்பெண் தாளில் மூன்று இடத்து அளவையும், நார் பிய்ந்த இடத்தையும் குறித்து, வேலையோடு சேர்த்து அவரவர் கையில் கொடுங்கள். அதே பலகையில் மிஞ்சிய கட்டைகளில் ஆளுக்கொன்று தந்தால், அடுத்த நாளே அதே குழிவைக் கடிகாரம் இல்லாமல் மறுபடி கடைந்து பார்ப்பார்கள்.