கித்தாப் பலகையில் பழமைத் தோற்றமுள்ள மர லாந்தர்

புதுப்பலகையில் செய்த லாந்தருக்குப் பழமைத் தோற்றம் வர வேண்டுமானால், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்க்கக் கூடாது. எங்கே கை படும், எங்கே மழைநீர் தங்கும் என்று எண்ணிப் பார்த்து, அந்தந்த இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக் கதவு ஒன்றைக் கவனியுங்கள். தாழ்ப்பாளைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சாயம் போய் மரம் பளபளத்துக் கிடக்கும். கீல் இருக்கும் பக்கத்திலோ சாயம் தடித்து அப்படியே நிற்கும். அந்த வேறுபாட்டைத்தான் நாம் லாந்தரில் கொண்டுவரப் போகிறோம்.

மரத்துக்கு நான் கித்தாவையே, அதாவது ரப்பர் மரத்தையே, பரிந்துரைக்கிறேன். 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் நம் நாட்டின் முதல் கன்றுகள் நடப்பட்ட மரம் என்ற உரிமை ஒருபுறம் இருக்க, பால் வற்றி வெட்டப்படும் மரங்களின் பலகை நம் ஊர்களில் எளிதாகக் கிடைக்கிறது. வெளிர்நிறமாக இருப்பதால் நாம் ஏற்றும் நிறமும் தெளிவாகத் தெரியும். ஆனால் கித்தா மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வண்டு துளைக்கும், நீலப்பூஞ்சை பிடிக்கும். ஆகவே மருந்தேற்றி உலர்த்திய பலகையையே கேட்டு வாங்குங்கள். சரக்கு அடுக்கும் பழைய பேலட் பலகையைப் பயன்படுத்துவதானால், வெப்பமூட்டியதைக் குறிக்கும் எச்.டி. முத்திரை உள்ளதை எடுங்கள், எம்.பி. என்றிருந்தால் அது மெத்தில் புரோமைடு புகையூட்டிய பலகை, வீட்டுக்குள் வேண்டாம்.

2 செ.மீ. கனமும் 18 செ.மீ. சதுரமும் உள்ள பலகைகள் இரண்டு தேவை: ஒன்று அடிக்கு, ஒன்று மேலுக்கு. 2.5 செ.மீ. சதுரச் சட்டத்தில் 28 செ.மீ. நீளக் கால்கள் நான்கும், 11 செ.மீ. குறுக்குச் சட்டங்கள் எட்டும் அறுத்துக்கொள்ளுங்கள். கால்கள் நான்கும் ஒரே உயரமாக இல்லாவிட்டால் லாந்தர் ஆடும். எனவே நான்கையும் சேர்த்துக் கட்டி ஒன்றாக அறுப்பது நல்லது. பிறகு 120 எண் உப்புத்தாளால் எல்லாவற்றையும் தேய்த்துவிடுங்கள். மிக வழவழப்பாக்க வேண்டியதில்லை.

கால்களை அடிப்பலகையின் ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே நிறுத்தி, 3 மி.மீ. துளை போட்டு, கீழிருந்து 5 செ.மீ. திருகாணியால் இறுக்குங்கள். துளை போடாமல் முடுக்கினால் கால் பிளந்துபோகலாம். கால்களுக்கு இடையே அடியில் நான்கு, உச்சியில் நான்கு என்று குறுக்குச் சட்டங்களை மரப்பசையால் ஒட்டி, ஒரு நாள் கட்டி வையுங்கள். வழியும் பசையை ஈரத்துணியால் உடனே துடைக்க வேண்டும். பசை காய்ந்த இடத்தில் நிறம் ஏறாது. மேல்பலகையை இப்போது பொருத்த வேண்டாம்.

இனி நிறமேற்றும் வேலை; இதில் அவசரம் கூடாது. மெல்லிய இரும்பு நாரைச் சவர்க்காரத்தில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு, அது மூழ்கும்வரை வெள்ளை வினிகர் ஊற்றி இரண்டு நாள் வையுங்கள். உள்ளே வாயு உண்டாகும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. இந்தக் கரைசல் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்துதான் கருமை தரும். கித்தாவிலோ துவர்ப்பு மிகக் குறைவு. அதனால் முதலில் சீனி போடாத, மிகக் கடுமையான தே-ஓவை (பால் சேர்க்காத தேநீரை) மரம் முழுவதும் பூசிக் காயவிட்டு, அதன்மேல் வடிகட்டிய கரைசலைத் தூரிகையால் தடவுங்கள். சில நிமிடங்களில் வெளிர்மரம் சாம்பல் கலந்த பழுப்பாக மாறும். மறுநாள்தான் உண்மையான நிறம் தெரியும் என்பதால், முதலில் அறுத்து மிஞ்சிய துண்டில் சோதித்துப் பாருங்கள். கையுறை அணியுங்கள், சிமெண்டுத் தரையில் சிந்தவிடாதீர்கள், கறை போகாது.

நன்றாகக் காய்ந்ததும், மேல்பலகையின் விளிம்பு, கால்களின் முனை, அடிப்பலகையின் மூலை ஆகிய இடங்களில் மட்டும் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்து, அதன்பின் வெள்ளையோ வெளிர்பச்சையோ தண்ணீர்ச் சாயத்தை ஒரே ஒரு மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். சாயம் காய்ந்தபின் உப்புத்தாளை மெல்ல ஓட்டினால், மெழுகு இருந்த இடத்தில் சாயம் செதில் செதிலாக உரிந்து அடியிலுள்ள பழுப்பு எட்டிப் பார்க்கும். உட்பக்கத்தைத் தொடவே வேண்டாம். கை போகாத இடத்தில் சாயம் தேயாது. முகக்கவசம் அணிந்து தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, பளபளப்பில்லாத வார்னிஷ் இரண்டு முறை பூசுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது அவசியம்.

மூன்று பக்கங்களுக்குக் கோழிவலையை வெட்டி உட்புறமாக ஸ்டேப்பிள் அடித்து, ஒரு பக்கத்தைத் திறப்பாக விடுங்கள். கைப்பிடிக்குப் பழைய பால் வாளியின் கம்பி மிகப் பொருத்தமானது: மேல்பலகையில் இரண்டு துளையிட்டுக் கம்பியின் முனைகளை அடியில் வளைத்து மடக்கியபின், பலகையைக் கால்களின் மேல் திருகாணியால் இறுக்கிவிடலாம்.

உள்ளே மின்கலத்தில் எரியும் எல்.இ.டி. மெழுகுவத்தியை மட்டுமே வையுங்கள். சுடருக்கு நேர்மேலே மரப்பலகை இருப்பதால் உண்மையான நெருப்பு ஆபத்தானது. கார்த்திகைக்கு அகல் ஏற்ற விரும்பினால், அதை லாந்தரை விட்டுத் தள்ளித் தரையில் ஏற்றுங்கள்.