ஆறு வீடுகளில் தொடங்குங்கள்: கடலோர வீட்டுத் தோட்டத்தைச் சிறு தொழிலாக்கும் முறை

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியிலிருந்து கடலுக்குப் போகும் பாதையில் இருக்கிறது. பின்னால் ஐந்து சென்ட் மணல். சாப்பிட்டது போக மிஞ்சிய காயை அக்கம்பக்கத்தில் சும்மா கொடுத்துக்கொண்டிருந்த நான், இப்போது வாரத்தில் இரண்டு நாள் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிறேன். சும்மா கொடுப்பதற்கு நாள் கணக்கு வேண்டாம். விற்பதற்கு வேண்டும். செவ்வாய்க்கிழமை கீரை தருகிறேன் என்று சொல்லிவிட்டால் அன்று காலை கீரை இருந்தாக வேண்டும். கீழே இருக்கும் படிகள் எல்லாமே அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றத்தான்.

படி 1: தண்ணீரை அளந்து பாருங்கள்

விதை வாங்கும் முன், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். எண் 450-க்குக் கீழே இருந்தால் எந்தக் காயும் வரும். 450 முதல் 2,000 வரை பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2,000-க்கு மேலே போனால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பித் தொழில் தொடங்க வேண்டாம். நான் அளக்காமலே போர் தண்ணீரை விட்டு ஒரு பாத்தி சின்ன வெங்காயத்தையும் முள்ளங்கியையும் இழந்தேன். இலை நுனி கருகியபோது நோய் என்று நினைத்துவிட்டேன். அது உப்பு.

நம் கடற்கரை மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் ஓர் ஏடு போல மிதக்கிறது. மோட்டார் போட்டு ஒரேயடியாக உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலேறி வரும். அதனால் ஆழமான போரைவிட ஆழமில்லாத கிணறே மேல். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் இறையுங்கள். மாதம் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள், சித்திரை வைகாசியில் எண் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். கூரைத் தண்ணீரையும் விடாதீர்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் கிடைக்கும். நாற்றுக்கு அந்தத் தண்ணீர்தான்.

உப்பைத் தாங்குவதில் கொத்தவரை முதலிடம். தட்டைப்பயறும் பீட்ரூட்டும் நன்றாகத் தாங்கும். தக்காளி ஓரளவு தாங்கும். வெங்காயம், முள்ளங்கி, கேரட் மூன்றும் தாங்காது. சந்தேகம் இருந்தால் ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.

படி 2: வாங்கும் வீடுகளைப் பேசி வையுங்கள்

ஆறு வீடு போதும். "என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் "எல்லாம்தான்" என்பார்கள். போன வாரம் கடையில் என்ன காய் வாங்கினீர்கள், எது வாடிப் போயிருந்தது என்று கேளுங்கள். எங்கள் பக்கம் வந்த பதில் கீரை, புதினா, கறிவேப்பிலை. மூன்றும் வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் வதங்கிவிடுபவை. காலையில் பறித்ததைக் காலையிலேயே கொடுக்க முடிகிற நமக்கு அங்கேதான் இடம் இருக்கிறது. கத்தரிக்காயிலும் தக்காளியிலும் லாரிச் சரக்கோடு விலைப் போட்டிக்குப் போக வேண்டாம்.

ஊரின் காலண்டரையும் பாருங்கள். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கம் என்றால் நோன்பு மாதத்தில் கஞ்சிக்குப் புதினாவும் மல்லித்தழையும் தினமும் வேண்டும். ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை பக்கம் என்றால் அமாவாசை. திதி கொடுக்க வருகிறவர்கள் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பார்கள், சமையலுக்கு வாழைக்காய், புடலை, அவரை என்று நாட்டுக்காய்தான் தேடுவார்கள். வேலியோரம் பத்து அகத்தி நட்டால் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தனி வருமானம்.

படி 3: மணலை மண்ணாக்குங்கள்

10 அடி நீளம், 4 அடி அகலத்தில் பாத்தி எடுத்து, ஓர் அடி ஆழம் தோண்டி, அடியில் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து அடுக்குங்கள். அவை தண்ணீரைப் பிடித்து வைக்கும். மேலே மக்கிய ஆட்டெரு, கண்மாய் வண்டல், தோண்டிய மணல் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். வண்டல் அள்ள வட்டாட்சியர் அனுமதி வாங்க வேண்டும். தேங்காய் நார்க்கழிவு போடுவதானால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள், அதிலும் உப்பு உண்டு.

படி 4: வாரம் ஒரு பாத்தி விதையுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தவறுவது இங்கேதான். எல்லாப் பாத்தியிலும் ஒரே நாளில் விதைத்து, ஒரே நாளில் அறுபது கட்டு கீரையோடு நிற்பார்கள். அடுத்த வாரம் ஒரு கட்டும் இருக்காது. வாங்குகிற வீட்டுக்காரம்மா இரண்டு வாரம் பொறுப்பார், மூன்றாவது வாரம் பழைய கடைக்கே போய்விடுவார்.

சிறுகீரை விதைத்து 25 நாளில் பறிக்கலாம். வாரம் ஒரு பாத்தி வீதம் விதைத்தால் நான்காவது பாத்தி விதைத்து முடிந்த வாரமே முதல் பாத்தி தயார். பறித்ததும் எருப் போட்டுக் கிளறி, இரண்டு நாள் ஆறவிட்டு மறுபடி விதையுங்கள். கணக்குப்படி நான்கு பாத்தி போதும். நீங்கள் ஐந்து வையுங்கள். ஒன்றில் கோழி கிளறும், ஒன்று மழையில் அழுகும்.

விதை பொடியாக இருப்பதால் ஒரு டீஸ்பூன் விதையை ஒரு பிடி மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். அரைக்கீரைக்கு ஒரு பாத்தி தனியாக ஒதுக்குங்கள், அது வெட்ட வெட்டத் தழைக்கும். கொத்தவரையையும் வெண்டையையும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு இரண்டு வரிசையாக நடுங்கள். வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும்.

முதல் சுற்றை விற்காதீர்கள். ஒரு பாத்தியில் எத்தனை கட்டு வருகிறது என்று எண்ணி, அதில் முக்கால் பங்குக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள்.

படி 5: உரமும் பூச்சியும்

மீன் கழிவு நம் ஊரில் விலையில்லாமல் கிடைக்கிறது. பச்சை மீனின் குடல், செதில், தலை ஒரு கிலோ, நாட்டுச்சர்க்கரை ஒரு கிலோ. மூடியுள்ள வாளியில் கலந்து நிழலில் 40 நாள் வையுங்கள். வடிகட்டினால் தேன் நிறத்தில் மீன் அமிலம். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மி.லி.க்கு மேல் வேண்டாம். உப்புப் போட்ட மீன் கழிவு கூடவே கூடாது. கீரைக்குப் பறிப்பதற்குப் பத்து நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், வாடை நிற்கக் கூடாது.

பூச்சிக்கு வேப்பங்கொட்டை: 50 கிராம் இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

படி 6: காற்றும் மழையும்

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் மணலும் உப்பும் சேர்ந்து இலையைக் கிழிக்கும். காற்று வரும் பக்கம் தென்னங்கீற்றிலோ பனை ஓலையிலோ தட்டி கட்டுங்கள். ஐப்பசி கார்த்திகையில் பாத்தியை அரை அடி உயர்த்துங்கள். அந்த மழைதான் மண்ணின் உப்பைக் கழுவி இறக்குகிறது, அதனால் பெரிய நடவை அதை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீனவர் வீடுகளில் கைக்காசு குறையும், நம் கிணற்றிலும் உப்பு ஏறியிருக்கும். அந்த இரண்டு மாதமும் சின்னக் கட்டாகப் போட்டு விலையைக் குறைத்துக் கொடுக்கிறேன். அந்த வீடுகள் ஆனியிலும் என்னிடமே வாங்குகின்றன.

படி 7: என்ன சொல்லி விற்பது

நம்மைப் போன்ற சிறு உற்பத்தியாளர், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்றால் இயற்கை விளைபொருள் சான்றிதழ் இல்லாமலே விற்கலாம் என்று 2017-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. ஆனால் சான்று பெற்ற இயற்கை உணவுக்கான "ஜைவிக் பாரத்" முத்திரையைப் போடக் கூடாது. பின்னால் சான்று வேண்டுமென்றால் ஐந்து பேராவது சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்லும் பி.ஜி.எஸ். குழுவாகப் பதிவு செய்யலாம். நான் "மருந்தடிக்காத கீரை" என்று மட்டும் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் பின்பக்கம் வந்து பார்க்கலாம் என்பதையும் சொல்கிறேன், வருகிறார்கள். மிஞ்சியதை வத்தலோ ஊறுகாயோ ஆக்கி விற்றால் மட்டும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எண் வாங்க வேண்டும்.

பொழுது விடியும்போது பறித்து, ஈரத் துணி சுற்றி ஓலைப்பெட்டியில் வையுங்கள். ஏழு மணிக்குள் வாசலில் இருக்க வேண்டும். விலையை மாதம் ஒரு முறை மாற்றினால் போதும்.

ஒரு நோட்டில் மூன்றே பத்தி போடுங்கள்: கொடுத்தது, வாங்கிய காசு, கொடுக்க முடியாமல் போனது. மூன்றாவது பத்தி நான்கு வாரம் தொடர்ந்து காலியாக இருந்தால் ஏழாவது வீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.