நாக்டவுன் விழுந்த ரவுண்டுக்கு எத்தனை புள்ளி?

2004 மே 8, லாஸ் வேகாஸில் ஒரு குத்துச்சண்டை. முதல் ரவுண்டிலேயே ஹுவான் மானுவல் மார்க்கெஸை மூன்று முறை குத்தித் தரையில் வீழ்த்தினார் மானி பாக்கியாவோ, அதாவது மூன்று நாக்டவுன். ஜட்ஜ்களில் இருவர் அந்த ரவுண்டுக்கு 10-6 போட்டார்கள், மூன்றாமவர் 10-7 போட்டார். பன்னிரண்டு ரவுண்டும் முடிந்தபோது அவருடைய அட்டையில் 113-113. மற்ற இரு அட்டைகளில் ஒன்று பாக்கியாவோ பக்கம், இன்னொன்று மார்க்கெஸ் பக்கம். சண்டை சமன். மார்க்கெஸுக்கு அந்த ஒரு புள்ளியையும் அவர் குறைத்திருந்தால் பாக்கியாவோ ஜெயித்திருப்பார். தவறு தன்னுடையதுதான் என்று அந்த ஜட்ஜே பின்னர் ஒப்புக்கொண்டார்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு வழக்கமாக 9. தோற்றவர் ஒரு முறை விழுந்திருந்தால் 8, இரண்டு முறை என்றால் 7, மூன்று முறை என்றால் 6.

வீட்டில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து புள்ளி போடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது, ஆள் விழுந்த நொடியிலேயே 10-8 என்று எழுதிவிட்டு மீதி நேரத்தைக் கவனிக்காமல் விடுவதில்தான். ஒரு ரவுண்டு மூன்று நிமிடம். விழுந்தவர் எழுந்து, மற்ற நேரமெல்லாம் எதிராளியைத் தெளிவாக அடித்து ஆடியிருந்தால், வீழ்த்தியவருக்கு ஜட்ஜ் 10-9 மட்டும் போடலாம். அரிதாக நடப்பதுதான், ஆனால் விதிக்கு உட்பட்டது. இருவருமே ஒவ்வொரு முறை விழுந்திருந்தால் அவை ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். மற்ற ஆட்டத்தைப் பார்த்து ரவுண்டை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியதுதான்.

அடுத்த தவறு, புள்ளியை விட்டுவிட்டு ரவுண்டுகளை எண்ணுவது. 2018 டிசம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் டைசன் ஃப்யூரியும் டியான்டே வைல்டரும் மோதினார்கள். ஃப்யூரி 9வது ரவுண்டிலும் 12வது ரவுண்டிலும் விழுந்தார். ஒரு ஜட்ஜின் அட்டை 113-113. அவர் கணக்கில் ஃப்யூரிக்கு 7 ரவுண்டு, வைல்டருக்கு 5. ஏழு ரவுண்டுக்கு 70, விழாமல் தோற்ற மூன்றுக்கு 27, விழுந்த இரண்டுக்கு 16, ஆக 113. வைல்டருக்கு ஐந்து ரவுண்டுக்கு 50, தோற்ற ஏழுக்கு 63, அதுவும் 113. ஏழு ரவுண்டு ஜெயித்தவர் எப்படி சமன் ஆனார் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கூட்டலைத்தான் காட்டுவேன். நாக்டவுனுக்குக் கூடுதலாகக் குறைவது ஒரே புள்ளிதான், அதற்குள்ள கனம் இவ்வளவு.

சரி, விழுந்ததெல்லாம் நாக்டவுனா? இல்லை. வழுக்கி விழுந்தாலோ, தள்ளிவிட்டதால் விழுந்தாலோ கணக்கில் வராது. அதே சமயம், அடி வாங்கியவர் தரையைத் தொடாமல் கயிறு தாங்கியதால் மட்டும் நின்றிருந்தால் அதையும் நாக்டவுன் என்று ரெஃபரி எண்ணலாம். முடிவு ரெஃபரியுடையது. டிவி ரீப்ளேயில் நமக்கு வேறு மாதிரித் தெரிந்தாலும், ரிங் ஓரத்து ஜட்ஜ்கள் ரெஃபரி சொன்னபடிதான் புள்ளி போட வேண்டும்.

இதே கணக்கை ஒலிம்பிக்கிற்கும் கொண்டுபோகக் கூடாது. அங்கேயும் 10 புள்ளி முறைதான், ஆனால் நாக்டவுனுக்கென்று தனிப் புள்ளி கிடையாது. ஆளை வீழ்த்திய குத்தும் சுத்தமாக இறங்கிய ஒரு குத்தாகத்தான் எண்ணப்படும்.

அப்புறம், ஃபவுலுக்காக (விதிமீறலுக்காக) ரெஃபரி குறைக்கும் புள்ளியை நாக்டவுனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலில் ரவுண்டுக்கான புள்ளியைப் போட்டுவிட்டு, ஃபவுல் செய்தவரிடமிருந்து அதைத் தனியாகக் கழியுங்கள். எதிராளியை வீழ்த்தி 10-8 என்று ரவுண்டை ஜெயித்தவரே ஃபவுலுக்கு ஒரு புள்ளி இழந்திருந்தால், அட்டையில் வர வேண்டியது 9-8.