சாயக் கோடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போய்க் காற்றுச் சல்லடையில் நின்றேன்

சில்வாசாவில் பாலியெஸ்டர் பி.ஓ.ஒய் (சங்கிலிகள் பாதியளவே அடுக்கான) நூல் ஓட்டும் ஆலையில் இருந்தேன். இயந்திரத்தில் ஒரு பொசிஷனில், அதாவது ஒரு நூற்பு இடத்தில், வந்த நூல் மட்டும் துணியில் கருத்த கோடாகச் சாயம் ஏறியது. அதன் நீட்சியும் (அறுவதற்கு முன் நீளும் அளவு) அதிகம். உருகிய பாலிமரை வடிகட்டி இழையாக வெளியே தள்ளும் ஸ்பின் பேக்கை மாற்றினோம், பலனில்லை.

எனக்கு, சல்லடை வழியாக வந்து இழையைக் குளிர்விக்கும் குவென்ச் காற்றின் மேல்தான் சந்தேகம். சுமார் 285 டிகிரியில் ஸ்பின்னரெட் என்ற துளைத் தட்டை விட்டு இறங்கும் இழை, ஒரு மீட்டர் சுமாருக்குள் மெலிந்து இறுகிவிடுகிறது. மூலக்கூறுச் சங்கிலிகள் இழையின் நீளவாக்கில் திரும்பி அடுக்காக அமைவது அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில்தான். நாங்கள் ஓட்டிய நிமிடத்துக்கு 3200 மீட்டர் வேகத்தில் படிகம் பெரிதாக உருவாகாது. 4000-ஐத் தாண்டினால்தான் அது வேகம் பிடிக்கும். ஆகவே இங்கே எல்லாமே அந்த அடுக்கைப் பொறுத்தது. குளிர்வது தாமதமானால் இறுகும் இடத்தில் இழுவிசை குறையும், அடுக்கு தளரும், சாயம் கூடுதலாக உள்ளே போகும்.

காற்றின் வேகத்தை அனிமோமீட்டரால் மேலிருந்து கீழாக அளந்தேன். நடுவில் மட்டும் அளந்திருந்தால் தப்பியிருக்கும்! மேல்பகுதியில் நொடிக்கு 0.5 மீட்டர் இருக்க வேண்டிய காற்று 0.3-தான். சல்லடையைக் கழற்றினால் வெள்ளைப் பொடியாக ஒலிகோமர் (பாலிமரின் குட்டைச் சங்கிலித் துணுக்குகள்) அடைத்திருந்தது. கழுவிக் காயவைத்து மாட்டினோம். அடுத்த டாஃபிலேயே (நிறைந்த நூல் உருளைகளைக் கழற்றும் முறை) நீட்சி சமமானது. சோதனைக்காக அந்த நூலில் சாக்ஸ் போலக் குழாய்த்துணி பின்னிச் சாயமிட்டதில் கோடு இல்லை.