பிரேக் பிடித்தால் கார் உதறுகிறதா? டிஸ்க் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

பிரேக் மிதித்ததும் ஸ்டீயரிங் உதறினால் உடனே வரும் பதில், "டிஸ்க் வளைஞ்சிருக்கு, மாத்திடலாம்." புது டிஸ்க் (வீலோடு சேர்ந்து சுற்றும், பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு) போட்டும் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே உதறல் திரும்புகிறது என்றால், காரணம் வேறெங்கோ இருக்கிறது. எந்த வேகத்தில், எந்த இடத்தில், எப்போது என்று கவனித்துவிட்டால் வீலைக் கழற்றும் முன்பே பாதி விடை கிடைத்துவிடும்.

ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் 80 கி.மீ. வேகத்துக்குப் போங்கள். பிரேக்கைத் தொடாதபோதே உதறினால் முதலில் பார்க்க வேண்டியது வீல் பேலன்ஸும் டயரும். மிதித்தால்தான் உதறுகிறது, அதுவும் ஸ்டீயரிங்கில் தெரிகிறது என்றால் பெரும்பாலும் முன் பிரேக். சீட்டிலும் தரையிலும் அதிர்ந்தால் பின் பிரேக்கைச் சந்தேகியுங்கள். லீவர் வைத்த ஹேண்ட்பிரேக் இருந்தால் இன்னொரு சோதனை: 40 கி.மீ. வேகத்தில், லீவர் நுனிப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாகத் தூக்குங்கள். அப்போது உதறல் வந்தால் கோளாறு பின்பக்கம்தான். மழையிலோ வளைவிலோ இதைச் செய்யக்கூடாது. எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக்கில் இந்தச் சோதனையே வேண்டாம்.

டிஸ்க் நிஜமாகவே வளைவது அபூர்வம். பெரும்பாலும் அதன் தடிமன்தான் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். ஹப் முகத்தில் (டிஸ்க்கும் வீலும் வந்து பொருந்தும் பகுதி) துரு இருக்கும்போது அதன் மேலேயே புது டிஸ்கை மாட்டினால் அது துளி சாய்வாக உட்காரும். பிரேக் பிடிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் (டிஸ்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) உரசி, அந்த இடம் மட்டும் தேயும். உதறல் உடனே வராமல் சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வருவது இதனால்தான். மைக்ரோமீட்டரால் டிஸ்க் ஓரத்திலிருந்து 10 முதல் 15 மி.மீ. உள்ளே தள்ளி, சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்து பாருங்கள். 0.02 மி.மீ. வித்தியாசமே காலில் தெரியும். டயல் கேஜை (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) டிஸ்கில் வைத்துச் சுற்றினால் பக்கவாட்டு ஆட்டம் பொதுவாக 0.05 மி.மீ. அளவுக்குள் இருப்பது நல்லது. அதிகம் இருந்தால் டிஸ்கை எடுத்து, ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியத் தேய்த்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். பேரிங் ஆட்டத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். டிஸ்க் கடைசல் பிடிக்கலாமா என்பதை அதன் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமன் சொல்லிவிடும்.

வீல் நட்டை ஏர் கன்னால் கண்டபடி இறுக்குவதும் இதே வினைதான். குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்), காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

சத்தம் விஷயத்தில் குழப்பம் குறைவு. கிரீச்சென்று தொடர்ந்து வந்தால் பேடின் தேய்மானக் காட்டி டிஸ்கைத் தொட ஆரம்பித்திருக்கும். பேட் லைனிங் 3 மி.மீ. வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். கரகரவென்று உலோகம் அரைத்தால் வண்டியை எடுக்காதீர்கள். மிதித்ததும் ஒரே ஒரு 'டக்' என்றால் டிஸ்கைச் சந்தேகிக்காமல், லோயர் ஆர்ம் புஷ்ஷையும் (வீலைத் தாங்கும் கீழ்க் கையிலுள்ள ரப்பர்) பேட் கிளிப்பையும் பாருங்கள்.

ஒரு பக்கம் இழுப்பதில்தான் பலரும் தவறான வீலைக் கழற்றுகிறார்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இடது பக்கம் இழுத்தால், பழுது வலது வீலில் இருக்கவே வாய்ப்பு அதிகம்: அங்கே பேடைத் தள்ளும் பிஸ்டனோ, பேடைப் பிடித்திருக்கும் கூடு நகர உதவும் ஸ்லைடு பின்னோ இறுகி, பிரேக் பிடிக்காமல் போயிருக்கும். மிதிக்காதபோதும் இடது பக்கமே இழுத்து, அந்த வீல் மட்டும் கொதித்தால் இடது வீல் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படிப் பிடித்திருக்கும்போதே வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி (ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம்) பிளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) சற்றுத் தளர்த்துங்கள். வீல் உடனே சுழன்றால் உள்ளே அழுத்தம் தேங்கியிருக்கிறது. ஒரு வீலில் மட்டும் இப்படியென்றால் முதல் சந்தேகம், உள்ளே அடைத்துப்போன ரப்பர் ஹோஸ். தளர்த்தியும் சுழலாவிட்டால் பிஸ்டன் அல்லது பின். ஸ்லைடு பின்னுக்கு பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும்.

பெடல் பஞ்சு மாதிரி இருந்து, இரண்டு மூன்று முறை மிதித்தால் கெட்டியானால், பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கலாம், பின் டிரம்மில் இடைவெளியும் கூடியிருக்கலாம். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவு இல்லாத பட்சத்தில், பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய்விட்டது. இந்த நிலையில் ஓட்டவே கூடாது. மலை இறங்கும்போது மட்டும் பெடல் தளர்ந்தால் பிரேக் ஆயில் ஈரம் இழுத்திருக்கிறது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

பெடல் கல்லாக இருந்தால் பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டிக்கொடுக்கும் பகுதி) சோதனை. இன்ஜினை நிறுத்திவிட்டு ஐந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே போக வேண்டும். போகவில்லையென்றால் வேக்யூம் குழாய், ஒருவழி வால்வு, பூஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள்.

வண்டி நிற்கப் போகும் கடைசி நொடியில், 10 கி.மீ. வேகத்துக்குக் கீழே, பெடல் கடகடவென்று துடிக்கிறதா? சாலை வழுக்கவில்லையென்றால் இது டிஸ்க் பிரச்சினை அல்ல. ஏபிஎஸ் (பிரேக்கில் வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாரில் அழுக்கோ, அதன் பல் வளையத்தில் விரிசலோ இருக்கும். எச்சரிக்கை விளக்கு எரியாமலேகூட இப்படி நடக்கும்.

புது பேட் போட்டதும், பெடல் கெட்டியாகும் வரை பம்ப் செய்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். பிறகு 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, இடையில் ஆறவிட்டு, பத்து முறை செய்யுங்கள். சூடான டிஸ்க்கோடு முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டே இருந்தால் பேடின் பொருள் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, உதறல் அங்கிருந்தே மறுபடி தொடங்கும்.