கேபிள் சொருகினா நெட் போயிடுதா? ரெண்டு நெட்வொர்க் கார்டையும் ஒண்ணா ஓட வைக்கலாம்

சிசிடிவி என்விஆர்ல (கேமரா படத்த பதிவு பண்ற பெட்டி) இருந்து லேன் கேபிள நேரா கம்ப்யூட்டர்ல மாட்டிட்டு, நெட்டுக்கு வைஃபை வச்சிருக்கிற கடைங்க நிறைய இருக்கு. கேமரா தெரிஞ்சா நெட் வராது, கேபிள உருவினா நெட் வரும் ஆனா கேமரா போயிடும். டிரைவர் போச்சு, விண்டோஸ திரும்ப போடணும்னு யாராவது சொல்லுவாங்க, தயவுசெஞ்சு அதுக்கு காசு குடுத்துடாதீங்க, பெரும்பாலும் ரெண்டு கார்டுலயும் டீஃபால்ட் கேட்வே (வெளிய போறதுக்கான வழியோட அட்ரஸ்) போட்டிருப்பாங்க, பிரச்சனையே அதுதான்.

வெளிய போறதுக்கு ரெண்டு வழி இருந்தா விண்டோஸ் மெட்ரிக்னு ஒரு நம்பர பாக்கும், எது கம்மியோ அந்தப் பக்கம் அனுப்பும். கேபிள் கார்டுக்குத்தான் வழக்கமா கம்மி நம்பர் விழும், விண்டோஸ் 10ல ஒரு ஜிகாபிட் கார்டுன்னா தானாவே 25. அதனால நீங்க பிரவுசர்ல கேக்கிறதெல்லாம் என்விஆர் பக்கம் போய் அங்கயே நின்னுடும்.

முதல்ல பாத்து உறுதி பண்ணிக்கோங்க. கமாண்ட் பிராம்ப்ட்ல (ஸ்டார்ட்ல cmdன்னு தேடினா வரும்) ரூட் பிரிண்ட் (route print) அடிங்க, ஆக்டிவ் ரூட்ஸ் (Active Routes) பட்டியல்ல 0.0.0.0ன்னு ஆரம்பிக்கிற வரி ரெண்டு இருந்தா இதே கேஸ்தான்.

அடுத்து ஐபி அட்ரஸ், அதாவது நெட்வொர்க்ல ஒவ்வொரு கருவிக்கும் இருக்கிற நம்பர். ரவுட்டரும் 192.168.1, என்விஆரும் 192.168.1ன்னு இருந்தா கம்ப்யூட்டருக்கு எது எந்தப் பக்கம்னு தெரியாது, இத விட்டுட்டு வேற எத மாத்தினாலும் சரியா வராது. என்விஆர் மெனுக்குள்ள போய் அதோட ஐபிய 192.168.50.10ன்னு மாத்துங்க.

இப்ப கம்ப்யூட்டர். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேத்து அமுக்கி என்சிபிஏ.சிபிஎல்னு (ncpa.cpl) அடிச்சா எல்லா கார்டும் வரும். ரைட் கிளிக் பண்ணி பேர் மாத்திடுங்க, கேமரா, நெட்னு, ஈதர்நெட் 2, ஈதர்நெட் 3ன்னு இருந்தா நாளைக்கு வர்றவருக்கு ஒண்ணும் புரியாது. கேமரா கார்டோட ப்ராப்பர்டீஸ்ல ஐபி வெர்ஷன் 4 திறந்து ஐபி 192.168.50.2, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 போடுங்க, கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் (வெப்சைட் பேர ஐபியா மாத்தித் தர்ற சர்வர்) காலியாவே இருக்கட்டும், அந்த ரெண்டு கட்டத்த காலியா விடுறதுதான் மொத்த வைத்தியமும். வைஃபைய தொடாதீங்க, அது ஆட்டோமேட்டிக்லயே இருக்கட்டும்.

திரும்ப ரூட் பிரிண்ட் அடிங்க, 0.0.0.0 வரி ஒண்ணுதான் இருக்கணும். அப்புறம் அங்கயே ping 192.168.50.10ன்னு என்விஆருக்கு ஒரு பிங், ping 8.8.8.8ன்னு வெளிய இருக்கிற கூகுள் சர்வருக்கு ஒரு பிங், ரெண்டும் பதில் குடுத்தா முடிஞ்சுது.

சரியா வரலையா? கேமரா கார்டுல 169.254ன்னு ஐபி இருந்தா பெரும்பாலும் நீங்க போட்டது சேவ் ஆகல, ஆட்டோமேட்டிக்லயே நிக்குது. 8.8.8.8 பிங் ஆகுது ஆனா வெப்சைட் திறக்கலைன்னா டிஎன்எஸ் பாருங்க. கேபிள் சொருகின உடனே வைஃபையே ஆஃப் ஆகுதுன்னா, சில ஆபீஸ் லேப்டாப்ல பயாஸ்க்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங்ஸ்) லேன் வந்தா வைஃபைய அணைக்கிற ஆப்ஷன் இருக்கும், அத எடுத்துவிடுங்க. கேட்வே இல்லாத கார்ட விண்டோஸ் அடையாளம் தெரியாத நெட்வொர்க்னு காட்டி பப்ளிக்ல போடும், கேமரா பாக்க அது தடையில்ல, ஆனா அந்தக் கேபிள் வழியா ஃபைல் ஷேரிங் வேணும்னா மட்டும் ஃபயர்வால் தடுக்கும், அப்போ அத பிரைவேட்டுக்கு மாத்தணும்.