பேப்பர் வந்த பிறகு பேட்டன்ட் கேட்காதீர்கள்

பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் ஞாயிறு மாலைகளில் நாங்கள் நாலைந்து தமிழர்கள் காபிக்குக் கூடுவோம். எல்லாருமே ஆராய்ச்சிக் கூடங்களில் காலம் தள்ளுகிறவர்கள். போன மாதம் ஒரு தம்பி மைசூர்பாகுப் பெட்டியோடு வந்தான். "அண்ணா, பேப்பர் வெளியாயிடுச்சு. இனி பேட்டன்ட் போட்டுடலாமா?"

அடிக்கடி பார்க்கிற தவறு இதுதான், வரிசையை மாற்றிவிடுவது. விண்ணப்பத்துக்கு முன்னால் உலகத்துக்குச் சொல்லிவிட்டால் அது புதுமை இல்லை; புதுமை இல்லாததற்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கிடையாது. ஆய்விதழ் மட்டுமல்ல, மாநாட்டுச் சுவரொட்டி, அதன் சுருக்கம், ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிய தீசிஸ், லிங்க்ட்இன் பதிவு எல்லாமே கணக்கில் வரும். மஞ்சள் வழக்கு நினைவிருக்கும். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அமெரிக்காவில் தந்த காப்புரிமையை இந்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் எதிர்த்தது. அது அடுக்கிய சான்றுகளில் 1953-இல் ஓர் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையும் ஒன்று. 1997-இல் காப்புரிமை ரத்தானது. அன்று நமக்கு உதவிய அதே விதிதான், நாமே போன வாரம் போட்ட கட்டுரையை நமக்கு எதிராகத் திருப்புகிறது.

"பேப்பர் வந்த பிறகும் ஒரு வருஷம் டைம் உண்டுன்னு சொன்னாங்களே?" என்றான் தம்பி. அது அமெரிக்கக் கதை. நம் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு தரும் 12 மாதச் சலுகை மிகக் குறுகியது: அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் கழகத்தின் முன் வாசித்த கட்டுரை, அந்தக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது, இப்படிச் சில மட்டும். ஐரோப்பாவில் அதுவும் கிட்டத்தட்டக் கிடையாது. இதை நம்பிக் காத்திருப்பது சூதாட்டம்.

அவசரத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. முதல் தேதியைப் பிடித்து வைக்கும் தற்காலிக விண்ணப்பமான புரொவிஷனலைப் போட்டால் போதும் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிடுவார்கள். அதில் எழுதாத விஷயத்துக்கு அந்தத் தேதி உதவாது. 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் தராவிட்டால் கைவிட்டதாகவே கொள்வார்கள். கல்வி நிறுவனத்துக்கு ஆன்லைனில் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய்தான். ஆகவே கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், வரைவை எழுதுவதிலும் வேண்டாம். நான் பார்த்த ஒரு புரொவிஷனலில் வேதிப்பொருளின் அளவே இல்லை, வெறும் "தகுந்த அளவு"!

பெயர்ப் பட்டியல் ஒரு தனிச் சங்கடம். மரியாதைக்காகத் துறைத்தலைவர் பெயரைச் சேர்ப்பதும், யோசனை தந்த மாணவரை விடுவதும் இரண்டுமே தப்பு. யோசனைக்குப் பங்களித்தவரே கண்டுபிடிப்பாளர். உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்குப் போகும். பணம் தந்த கம்பெனியின் ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

வெளிநாட்டு நண்பர் மூலம் அங்கே முதலில் போடலாம் என்பவர்களுக்கு அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு இருக்கிறது. இங்கே வசிப்பவர் முன் அனுமதி வாங்க வேண்டும், அல்லது இங்கே போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். மென்பொருள்காரர்களே, வெறும் அல்காரிதத்துக்கு 3(கே) பிரிவில் இடமில்லை. அது கருவியில் என்ன தொழில்நுட்ப விளைவைத் தருகிறது என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

காப்புரிமை கிடைத்ததும் பணம் கொட்டாது. கம்பெனியிடம் விவரம் காட்டுமுன் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். ஒரே ஆளுக்கு முழு உரிமம் தந்தால், குறித்த காலத்தில் தயாரிக்காவிட்டால் உரிமம் திரும்ப வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது அலமாரியில் தூங்கும், புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட்அப் தொடங்குகிறவர்களும் நிறுவனத்திடம் உரிமத்தை முதலில் எழுத்தில் வாங்க வேண்டும். முதலீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி, "இது யாருடையது?"

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். பேப்பரில் வந்தது போனதுதான். ஆனால் தீசிஸின் நாலாம் அத்தியாயத்தில் பூச்சு உலர்த்தும் முறையை அவன் மாற்றியிருந்தான். அது பேப்பரில் இல்லை, தீசிஸும் இன்னும் கைடு மேஜையில்தான். வைவா என்ற வாய்மொழித் தேர்வு அடுத்த மாதம்; அது வெளியே வருமுன் முந்த வேண்டும். திங்கள் காலையே பல்கலைக்கழகத்தின் காப்புரிமைப் பிரிவுக்குப் போகச் சொன்னேன்.